பெயர் மாற்றாத வண்டி

அன்செல்மோ லெகிசமோன் வீட்டுக்கு நான் போனபோது மதியம் ஒரு மணி. ஜனவரி மாதம். பராகுவே எல்லையை ஒட்டிய எங்கள் சாக்கோவில் ஜனவரி மதியத்தில் நாய்கூடத் தெருவில் நடக்காது. பன்னிரண்டரைக்கு ஷட்டரை இறக்கினால் ஐந்து மணிக்குத்தான் கடைகளைத் திறப்பார்கள். அதுவரை ஊர் முழுக்கத் தூக்கம். இந்த நேரத்தில் தெருவில் நடமாடுவது மனிதர்களாக இருக்காது என்று பயமுறுத்தித்தான் எங்களைச் சின்ன வயதில் படுக்க வைப்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தூக்கம் கெட்டுப்போன எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

ரயில் பாதையை ஒட்டிய பழைய வீடு. எல்லா ஜன்னல்களும் அடைத்திருந்தன. அவர் மனைவி நெலிதா கதவைத் திறந்து, வாயில் விரலை வைத்து, உள்ளே வரும்படி சைகை காட்டினார். வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் தெரியவில்லை. பூட்டிய வீட்டின் புழுக்கமும் பழைய எண்ணெய் நாற்றமும் முகத்தில் அடித்தன. கணவர் சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது, என்னைப் பார்த்தால் மட்டுமே பேசுவேன் என்கிறார் என்று அந்த அம்மாள் காதருகே சொன்னார்.

நான் சிரிலோ. விற்ற கார்களுக்குச் சொந்தக்காரர் பெயரை மாற்றிக் கொடுக்கும் ஏஜெண்ட். பதிவு ஆபீசுக்கு நேர் எதிரே, ஐம்பது அடி தூரத்தில் என் மேசை. இருபத்திரண்டு வருட லைசென்ஸ்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். இங்கே காரை விற்றால் யாரும் உடனே பெயரை மாற்ற மாட்டார்கள். விற்றவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், வாங்கியவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். வாங்கியவர் அதை அப்படியே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவார். சட்டத்துக்கு இந்தச் சிநேகமெல்லாம் தெரியாது. பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர். கார் யாரையாவது அடித்தால் அவர் தலையில்தான் விடியும். தப்பிக்க ஒரே வழி, இன்னாருக்கு விற்றுவிட்டேன் என்று பதிவு ஆபீசில் ஒரு பக்க அறிவிப்பு கொடுப்பது. அதையும் ஏதாவது நடப்பதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்தவனுக்கு விற்றுவிட்டு அப்படி எழுதிக் கொடுப்பது எங்களுக்குக் கேவலம். சாப்பிட வந்த விருந்தாளியிடம் கையெழுத்து வாங்குவது மாதிரி.

அன்செல்மோ தன் சாம்பல் நிறக் காரை வால்த்தர் என்ற பையனுக்கு விற்றார். கிளப்பில் அவரோடு பந்து உருட்டி விளையாடும் நண்பரின் மகன். மூன்று வாரம் கூச்சப்பட்டுவிட்டு, நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, திருடன் மாதிரி அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அறிவிப்பைக் கையெழுத்தோடு கொடுத்து, நண்பன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்றார். ரசீதுகூடக் கேட்கவில்லை. நம்பிக்கை.

பதிவு ஆபீஸ் மூட ஒரு மணி நேரம் இருந்தது. ஐம்பது அடி நடந்தால் போதும். வீட்டில் அடுப்பில் விலாக்கறி வெந்துகொண்டிருந்தது. நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று மேசைக்குள் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

அன்று மதியம் ஒன்று நாற்பதுக்கு வால்த்தர் நெடுஞ்சாலையில் அந்தக் காரால் எத்தெல்வினாவை அடித்தான். சைக்கிளில் கூடை வைத்து சிப்பா விற்கிற பெண். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சோம்பும் போட்டுச் சுட்ட வளைய ரொட்டிதான் சிப்பா. பஸ் நிற்கும் இடங்களில் விற்பாள். அவளைச் சைக்கிளோடு அறுபது மீட்டர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது கார். அங்கேயே உயிர் போய்விட்டது. வால்த்தர் அன்று சாயங்காலமே பராகுவே பக்கம் ஓடிவிட்டான். காரைப் போலீஸ் வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வழக்கு அன்செல்மோ மேல் வந்தது.

அவர் கொடுத்த அறிவிப்பை ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடுகிற நெருப்பில் போட்டேன். அதை வைத்திருந்தால் என் சோம்பேறித்தனத்துக்குச் சாட்சி. லைசென்ஸ் போகும், வீடும் போகும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நெலிதா என்னை வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். தகரக் கூரை, சிமெண்ட் தரை, தரை நடுவில் எண்ணெய்க் கறை. கார் நின்ற இடத்தில் ஒரு நாற்காலி போட்டு அன்செல்மோ உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயதுக்காரர் எண்பது வயதாகத் தெரிந்தார். மனைவியை உள்ளே போகச் சொன்னார். அவர் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில்.

ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். வக்கீல் பதிவு ஆபீசில் தேடிப் பார்த்தாராம், அவருடைய அறிவிப்பு அங்கே இல்லையாம். எங்கேயோ தவறிப்போயிருக்கும், உன்மேல் தப்பில்லை, நீ வந்து நீதிபதியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். நானும் பார்க்கலாம், கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தேன்.

"வீடு போனா போவுது சிரிலோ," என்று கிசுகிசுத்தார். "அதுக்காக உன்னக் கூப்பிடல. அந்தம்மா தினமும் வருது."

"எந்தம்மா?"

"கொஞ்ச நேரம் இரு. வந்துரும்."

வயதானவர், வழக்கு, பட்டினி, வெயில். அப்படித்தான் நினைத்தேன். சிரிப்புகூட வந்தது.

தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டிக் டிக் என்றது. மரத்தில் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் ஒரே நேரத்தில் நின்றன.

அப்புறம் சோம்பு வாசனை வந்தது. சூடான ரொட்டியின் வாசனை. பசியைக் கிளப்புகிற நல்ல வாசனை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

தெருப்பக்கம் சைக்கிள் மணி அடித்தது.

ஒரு தடவை.

பூட்டிய கொட்டகைக் கதவு திறக்கவில்லை. ஆனால் எண்ணெய்க் கறைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். கையில் வெள்ளைத் துணி மூடிய கூடை. ஒரு காலில்தான் செருப்பு. இடது கை நெடுகத் தோலுக்குள் சரளைக் கற்கள் பதிந்திருந்தன. முகத்தின் ஒரு பக்கத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கண் தானாக விலகிக்கொண்டது.

அவளிடம் கோபமே இல்லை. கடையில் விலை கேட்கிற குரல்தான்.

"வண்டி யாரோடதுங்க?"

அன்செல்மோ நாற்காலியில் ஒடுங்கினார். "வித்துட்டேம்மா. தினமும் சொல்றேனே. நான் வித்துட்டேன்."

"யாரோட பேரு போட்டிருக்கு?"

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். தினமும் ஒரு அடி வருகிறாள் என்று அப்போது புரிந்தது. இன்னும் ஒரு அடிதான் பாக்கி.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. எத்தெல்வினாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, எது வந்தாலும் என் மேசைக்குக் கொண்டுவந்து படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவாள்.

"ஐயா, நீங்க இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. நீங்க சொல்லுங்க, யாரோடது?"

அன்செல்மோ இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு சிரிலோ. அவங்க சாகறதுக்கு முன்னாடியே உன் கையில குடுத்தேன்ல? அத மட்டும் சொல்லிடு."

நீதிமன்றம் இல்லை, வக்கீல் இல்லை, எழுதிக்கொள்ள ஆளில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அவள் தலை முழுசாக என் பக்கம் திரும்பும். தலையின் மறுபக்கத்தையும் நான் பார்க்க வேண்டி வரும். நான் கோழை. அதற்கு மேல் விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

"அன்செல்மோ ஐயா என்கிட்ட எதையும் குடுக்கல," என்றேன். "வண்டி அவரோடதுதான்."

அவர் என் கையை விட்டார். திட்டவில்லை, அழவில்லை. எனக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டதற்கு வருத்தப்படுகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"நன்றிங்க ஐயா," என்றாள் எத்தெல்வினா.

நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடி வந்தேன். சமையலறையில் நெலிதா அம்மாள் எனக்காக எலுமிச்சைச் சாறு கலந்து வைத்திருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறார், கொஞ்ச நேரம் தனியாக விடுங்கள் என்றேன். சாற்றை நின்றபடியே முழுசாகக் குடித்துவிட்டுப் போனேன்.

ஐந்து மணிக்கு அவர் இறந்துகிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி இரண்டு கைகளும் முன்னால் நீண்டு விறைத்திருந்தன. வலது கால் தரையை அழுத்தியிருந்தது. அழுத்திய வேகத்தில் பாத எலும்பு உடைந்திருந்தது. அந்தக் காலை நேராக்க முடியாமல் பெட்டியில் தலையணை வைத்து அடக்கம் செய்தார்கள்.

துக்கம் முடிந்து நெலிதா என் ஆபீசுக்கு வந்தார். வாரிசு வேலைகளை நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்றார். என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா அவர்கூட இருந்தது நீங்கதான் தம்பி," என்றார். வீடு, வங்கிக் கணக்கு, போலீஸ் வளாகத்தில் நிற்கும் அந்தக் கார், எல்லாம் மனைவிக்கு என்று என் கையாலேயே மனு தயாரித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, உங்களை மாதிரி ஆட்களும் ஊரில் இருக்கிறார்களே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் ஆபீசை அடைத்துவிட்டு உள்ளறையில் படுத்திருந்தேன்.

சோம்பு வாசனை.

சைக்கிள் மணி.

எழுந்து வந்து பார்த்தேன். வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கும்போது வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க ஐயா. அவரு போயிட்டாரு. இப்ப அது யாரோடது?"

என் பெயரைச் சொல்லியிருக்கலாம். யாருடையதும் இல்லை, நீ போய்ச் சேர் என்று சொல்லியிருக்கலாம். மேசை மேல் நெலிதாவின் மனு இருந்தது, கையெழுத்தின் மை காயாமல். அதைத்தான் படித்துக் காட்டினேன். பெயரை முழுசாக, தகப்பன் வீட்டுப் பெயரோடு.

ஒன்பது நாள் கழித்து நெலிதா அம்மாளை அதே கொட்டகையில் கண்டெடுத்தார்கள். கைகள் நீண்டிருந்தன. வலது காலை ஓங்கி மிதித்தபடி இருந்தார். அந்த அம்மாளுக்குக் கார் ஓட்டவே தெரியாது.

அவர்களுக்கு ஒரே மகள், ரொசாரியோ நகரத்தில் இருக்கிறாள். அப்பா அம்மா விட்டுப்போன எதுவும் எனக்கு வேண்டாம் என்று நீதிபதி முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே பஸ் ஏறிவிட்டாள். கெட்டிக்காரி. அவளுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை.

மறுபடியும் எத்தெல்வினா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை எனக்கே தெரியவில்லை என்றேன். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.

"பரவால்லிங்க. தெரியற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தாள்.

பதினைந்து மாதம். தினமும் பன்னிரண்டரைக்கு வருவாள், ஐந்து மணிக்குப் போவாள். ஒன்றும் செய்யமாட்டாள். கூடையை மூடிய துணியை இழுத்து இழுத்து விடுவாள். அவள் கையிலிருந்து அவ்வப்போது ஒரு சரளைக்கல் தரையில் விழும். அந்தச் சத்தத்துக்கு நான் விழித்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்த்தேன், அங்கேயும் வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். மதியம் தூங்காத மனிதன் எங்கள் ஊரில் பைத்தியம். எனக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்தது, முத்திரை கோணலாக விழ ஆரம்பித்தது. பாவமன்னிப்புக் கேட்கலாம் என்று மாதா கோயில் வரை போய், பாதிரியாருக்கு எதிரே நின்றதும் மழை வருமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அப்புறம் போலீஸ் வளாகத்தில் கிடந்த கார்களை நீதிமன்றம் ஏலம் விட்டது.

ஏப்ரலில் ஒரு நாள், ஆபீஸ் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் அய்லென். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமப் பள்ளியில் புதிதாக வேலை கிடைத்த டீச்சர். பஸ் வசதி கிடையாது. அதனால் ஏலத்தில் ஒரு பழைய காரை எடுத்திருக்கிறாள். ஊர்க்காரர்கள் மாதிரி இல்லாமல் முதல் நாளே பெயரை மாற்றிவிட வேண்டும் என்று அப்பா சொல்லியனுப்பினாராம். காகிதத்தை நீட்டினாள். வண்டி எண்ணைப் பார்த்தேன், அன்செல்மோவின் கார்.

சோம்பு வாசனை அன்று சீக்கிரமே வந்துவிட்டது.

"பழைய கேஸ் கீஸ் எதுவும் இல்லையே சார்?" என்று கேட்டாள் அய்லென்.

"சுத்தமான வண்டி டீச்சர். கோர்ட்டே குடுக்குது. முன்னாடி நடந்ததுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே கிடையாது."

பொய் இல்லை. சட்டப்படி அந்தப் பெண்ணை யாரும் தொட முடியாது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சட்டம் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான்.

ஓடிப்போய்விடு, இந்தக் காரைத் தொடாதே என்று நான்கு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயது, இருபத்து நான்குகூட இருக்காது. எனக்குத் தூக்கம் வேண்டும் போலிருந்தது. வேறெதுவும் தோன்றவில்லை.

முத்திரையைக் குத்தினேன். இந்தத் தடவை நேராக விழுந்தது. அன்றைக்கென்று ஐம்பது அடியையும் வேகமாக நடந்து, பதிவு ஆபீஸ் மூடுவதற்குள் பதிவும் செய்துவிட்டு வந்தேன்.

அய்லென் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கியதும் எத்தெல்வினா எழுந்து மேசைக்கு வந்தாள்.

"இப்ப தெரிஞ்சுதுங்களா ஐயா?"

காரைத் திறந்துகொண்டிருந்த பெண்ணைப் பேனாவால் காட்டினேன்.

எத்தெல்வினா கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள். பின்கதவு திறந்து மூடியது. அய்லென் திரும்பிப் பார்த்தாள், காற்று என்று நினைத்திருப்பாள். கார் கிளம்பிப் போனது.

அன்று மதியம் நான் ஆறு மணி வரை தூங்கினேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. முகம் தெளிந்துவிட்டது என்று கசாப்புக்கடைக்காரன் சொன்னான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தூங்கினேன்.

பதினோராம் நாள் மதியம் போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் எடுத்தேன். அய்லென். பள்ளி முடிந்து நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கிறாளாம். எஞ்சின் சத்தம் கேட்டது. குரல் சந்தோஷமாக இருந்தது.

"சார், வண்டி நல்லா ஓடுது. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். தினமும் இந்த வழியில ஒரு அம்மா லிஃப்ட் கேட்டு ஏறுவாங்க. சிப்பா விக்கிறவங்க. முதல்ல பின்னாடிதான் உக்காந்தாங்க, இப்ப நான் முன்னாடியே உக்கார வச்சுக்கறேன். உங்களத் தெரியுமாம் சார். ஊர்லயே படிச்ச மனுஷன் அவர் ஒருத்தர்தான், பொய்யே சொல்ல மாட்டாருன்னு அவ்வளவு பெருமையாச் சொல்றாங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று முப்பத்தெட்டு.

"ஏதோ பேப்பர் விஷயம் உங்ககிட்ட கேக்கணுமாம். பக்கத்துலதான் இருக்காங்க சார். குடுக்கட்டுமா?"

வண்டியை நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் போன் கை மாறிவிட்டது.